மூன்றிலும் ஒரே படம்

“மூணும் எரியணும்லே. பொண்ணு வீட்டுக்காரங்க பதினோரு மணிக்கு வாராங்க.”

மேசைக்கு அடியில் கிடந்த செந்தில்முருகன், கையில் வயரோடு தலையை வெளியே நீட்டினான். மேசை மேல் மூன்று பெரிய மானிட்டர்கள். ஒன்றுதான் எரிந்தது. மற்ற இரண்டும் ‘சிக்னல் இல்லை’ என்று அடம்பிடித்தன.

“இது காலேஜ்ல வாங்குன லேப்டாப்புப்பா. ஒரு மானிட்டருக்கு மேல தாங்காது.”

“தாங்காதுன்னா? பெங்களூருல என் மகன் மூணு ஸ்கிரீன் வச்சு வேலை பாக்கான்னு பேச்செடுத்த அன்னைக்கே சொல்லியாச்சு. இப்ப வீட்டுல இருந்து பாத்தாலும் மூணுதான் இருக்கணும். காசிலிங்கம் சொன்னா சொன்னதுதான்.”

கருப்பட்டி மண்டிக் காசிலிங்கத்தின் சொல்லைத் தூத்துக்குடி பஜாரில் யாரும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. இன்று சாயர்புரத்துக்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். செந்திலுக்குப் பெண் அனுசியாவை ரொம்பவே பிடித்திருந்தது.

அதுதான் அவனை அறுத்தது. வேலை போய் நாலு மாதம். வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி ஊருக்கு வந்தவன், தினமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

ஆபீஸ் லேப்டாப் எங்கே என்று அப்பா கேட்டால், சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று சொல்லத் தயாராக இருந்தான். ஆயிரம் கேள்வி கேட்ட அப்பா, அதை மட்டும் கேட்கவில்லை. ஷிப்பிங் ஆபீஸ் பாண்டித்துரையிடமிருந்து மானிட்டர்களைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் அவரே கொண்டுவந்து இறக்கினார்.

“இந்தா, இதைச் சொருகிப் பாரு.” சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து நீட்டினார். “ஒண்ண மூணாப் பிரிச்சிருமாம். கடைக்காரன் சொல்லுதான்.”

சொருகினான். மூன்றும் எரிந்தன. மூன்றிலும் ஒரே நீலப் படம். ஒரே இடத்தில் ஒரே அம்புக்குறி.

“எரிஞ்சிட்டுல்லா? பெறவு என்ன?”

“மூணுலயும் ஒண்ணே ஓடுனா எவன்ப்பா வேலை பாப்பான்? அனுசியாவும் கூட வாரா, கம்ப்யூட்டர் டீச்சர். பாத்ததும் கண்டுபிடிச்சிருவா.”

வாசலில் கார் வந்து நின்றது. “வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க” என்று அம்மா செல்வராணியின் குரல் கேட்டது.

செந்தில் போய் அறைக் கதவைச் சாத்தினான். அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை.

“அப்பா, அவங்கள இங்கன கூட்டிட்டு வராதீங்க. எனக்கு… வேலையே இல்லப்பா. போயி நாலு மாசமாச்சு.”

காசிலிங்கம் திரும்பவில்லை. தோள் துண்டை எடுத்து நடு மானிட்டரின் தூசியைத் துடைத்தார்.

“வேலை இருந்தா, நான் எதுக்குலே மானிட்டர் இரவல் வாங்குதேன்?”