விரலை எடுக்காமல்

விரலை எடுத்துவிட்டால் மறுபடியும் பூட்டிக்கொள்ளும் என்றுதான் தையல்நாயகி நினைத்தாள்.

அதனால் கணவரின் ஆள்காட்டி விரலை லேப்டாப்பின் தொடுபலகைமேல் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். வீட்டில் அவர் வேலை செய்யும்போது அந்தப் பலகையிலிருந்து விரலை எடுத்து அவள் பார்த்ததில்லை.

விரல் குளிர்ந்திருந்தது. இழுத்த பக்கமெல்லாம் வந்தது. திரையில் அம்பும் கூடவே வந்தது.

புருஷோத்தமன் ஆஸ்பத்திரியில் படுத்து இது இரண்டாவது வாரம். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் கைகால் எதுவும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் திறந்திருந்தது. அது சும்மா திறந்திருக்கிறது, பார்க்கிறார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். இன்று காலை இன்னொன்றும் சொன்னார்.

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா."

சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். மகள் கார்குழலி.

தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கே புருஷோத்தமன் தையல்நாயகியின் போனைப் பிடுங்கி சிம்மை மாற்றினார். மூலக்குளத்து வீட்டில் அதற்கப்புறம் அந்தப் பேரே எழவில்லை. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடப் பெற்றவளுக்குத் தெரியாது. மகளிடமிருந்து சேதி ஏதும் வந்ததா என்று சோறு போடுகிற நேரம் பார்த்து மெல்லக் கேட்பாள். "மறந்துட்டுப் போனவ எதுக்குச் சேதி அனுப்பப் போறா?" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்தை ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்துவார்.

மகள் மறந்துதான் போய்விட்டாள் என்று தையல்நாயகியும் இருந்துவிட்டாள்.

நேற்று செல்வகுமார் வந்து போட்டு உடைத்தான். புஸ்ஸி வீதியில் பத்திரம் எழுதித்தரும் நொத்தேர் ஆபீசில் புருஷோத்தமனோடு டைப் செய்கிறவன். ஆபீசிலேயே கிடந்த அவருடைய லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தான்.

"குழலி மாசம் ஒரு மெயில் போட்டுடுதுக்கா. அண்ணன் படிச்சிட்டுக் கம்முனு மூடிடுவாரு. பதில் போட்டு நான் பாத்ததில்ல."

"இத எப்படிப்பா தொறக்கறது?"

"அவரு விரலு வெச்சாதான் தொறக்கும். விரலு வெக்கிற எடமும் அம்ப நகத்துற எடமும் ஒண்ணுதான்கா. பூட்டும் அதான், ஸ்டியரிங்கும் அதான். எங்கள ஒருத்தரயும் தொட உட்டதில்ல மனுசன்."

பாஸ்வேர்டு போட்டாலும் திறக்குமாம். மகள் பேரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். திறக்கவில்லை. தன் பேரையும் தட்டிப் பார்த்தாள்.

கடைசியில்தான் அவர் கையைத் தூக்கிவைத்தாள். உடனே திறந்துகொண்டது.

செல்வகுமார் சொல்லிக்கொடுத்தபடி, அவர் விரலாலேயே தட்டித் தட்டி மெயிலுக்குப் போனாள். மகள் பேர் வரிசையாக நின்றது. எல்லாமே படித்து மூடியவை. மேலே இருந்ததைத் திறந்தாள்.

'அப்பா, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது. கிடைத்ததை எல்லாம் கடிக்கிறாள்.'

எந்தப் பாப்பா?

மறுபடி படித்தாள்.

'அம்மாவின் பழைய நம்பர் கிடைக்கவில்லை. எங்கள் புது நம்பரையும் வீட்டு முகவரியையும் கடைசியில் எழுதியிருக்கிறேன்.'

கடிதம் நீளமாகப் போயிற்று. கடைசிக்குப் போக வேண்டும். விரலைக் கீழே இழுத்தாள்.

வரவில்லை.

அழுத்தி இழுத்தாள். அந்த விரல் அசையாமல் நின்றது. பிறகு அவள் விரலையும் சுமந்துகொண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

"என்னங்க" என்றாள். "என்னங்க, நீங்களா நகத்துறீங்க?"

சட்டென்று தன் கையை எடுத்துவிட்டாள். தன் அழுத்தமா, அவர் அசைவா என்று தெரிய வேண்டுமே.

விரல் தானாக நகர்ந்தது.

நடுங்கி, நின்று, மறுபடி நகர்ந்தது. ஒரு தட்டு தட்டியது. மூலைக்கு இறங்கி இன்னொரு தட்டு. தையல்நாயகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அந்த விரலையே பார்த்தாள். மகளை மறந்தாள், கடிதத்தை மறந்தாள். மனுஷன் பிழைத்துவிட்டான் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. கண்ணீர் தாடையில் இறங்கியது.

"நகத்துங்க. இன்னுங் கொஞ்சம் நகத்துங்க."

இன்னுங் கொஞ்சம் நகர்ந்தது. மூன்றாவது முறை தட்டியது.

நிமிர்ந்தபோது திரை அணைந்துகொண்டிருந்தது.

அவர் கண் அவள் பக்கம் இல்லை. திரையின்மேல் இருந்தது. அது முழுக்க இருட்டாகும்வரை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பொத்தானை அழுத்தி மறுபடி உயிர்ப்பித்தாள். விரல் வைக்கச் சொல்லிக் கேட்டது. அவர் கையைத் தேடினாள்.

மடங்கியிருந்தது. ஆள்காட்டி விரல் உள்ளே போய், அதன்மேல் கட்டைவிரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பிரிக்கப் பார்த்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அந்த உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் அங்கேதான் இருந்தது.

"நம்பர மட்டும் பாத்துக்கறேன்" என்று காதருகே குனிந்து கெஞ்சினாள். "நீங்க பேச வேணாம். நான் பேசிக்கறேன்."

முஷ்டி இன்னும் இறுகியது.

பிறகு லேப்டாப்பை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள். ஓரத்தை மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகினாள்.

நர்ஸ் பெண் வந்தாள்.

"என்னக்கா, இன்னிக்காவது கை, விரலு எதுனா அசைஞ்சுதா? ஒரு விரலு அசைஞ்சாலும் சொல்லுங்க, பெரிய டாக்டர்கிட்ட சொல்லி வைத்தியத்த மாத்தணும்."

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "அப்படியேதான் இருக்காரு."