சீதன லேப்டாப்

தவமணி விரல் பறக்க ஓட்டிக்கொண்டிருந்த பந்தயக் காரைப் பாதி வளைவில் நிறுத்திவிட்டு, லேப்டாப்பின் அடியைத் தொட்டாள்.

“சுடுது அண்ணே. வேற காட்டுங்க. சாயங்காலம் நிச்சயதார்த்தம், அதுக்குள்ள எடுத்தாகணும்.”

கொம்தார் வணிக வளாகத்தில் கடை வைத்திருந்த நாகூர் மீரான் இன்னொன்றில் அவளுடைய கேம் சிடியைப் போட்டார். அது சுடவில்லை. ஆனால் கார் திக்கித் திக்கி ஓடியது.

“சும்மா விளையாட இது போதும்லா, தங்கச்சி.”

“போதாது. சீதனத் தட்டுல வைக்கிறது, பின்னாடி குறை வரக்கூடாது. தினமும் ஃபெர்ரியில தூக்கிட்டுப் போகணும், கனமும் ஆகாது.”

மீரானுக்கு மனசு கேட்கவில்லை. நகை கேட்பார்கள், கார் கேட்பார்கள். விளையாட லேப்டாப் கேட்கும் மாப்பிள்ளையை இப்போதுதான் கேள்விப்படுகிறார். உள்ளே போய், புதிதாக வந்திருந்த ஒன்றை எடுத்துவந்தார்.

கார் சீறிப் பாய்ந்து முதலில் வந்தது. அடியில் வெதுவெதுப்புதான். தவமணி அதை ஒரே கையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“இதுதான் அண்ணே.”

அப்போது ஸ்ரீஸ்கந்தராஜா மூச்சிரைக்க உள்ளே வந்தான். “இவருதான் மாப்பிள்ளை,” என்றாள் தவமணி.

“குடுத்து வச்சவரு தம்பி நீங்க,” என்றார் மீரான் குத்தலாக. “பொண்ணே கடையேறி உங்களுக்குச் சீதனம் தேடுது.”

“எனக்கா?” அவன் பர்ஸைத் திறந்தான். “சீதனம் கேட்டது எங்கம்மா. கேம்ல தோக்கிறவங்க குடுக்கட்டும்னு பந்தயம் கட்டினது இவங்க. தோத்தது நான், அண்ணே.”