சுடுகல்

பால் கேனின் மூடியைத் திறந்ததும், கூடாரத்தின் உச்சித் துவாரத்தில் இறங்கும் வெயிலில் ஆவி சுருண்டு ஏறுகிறது. ஆட்டுக்கறியை வேகவைக்கக் கேனுக்குள் நடுநடுவே அடுக்கிய சுடுகற்களை ஒச்சிரின் மனைவி நர்மா இடுக்கியால் எடுத்து ஆளுக்கொன்றாய்த் தருகிறாள். கறியைத் தொடுமுன் சுடுகல்லை உள்ளங்கையில் உருட்டினால் உடம்புக்கு நல்லது. கொழுப்பு வழியும் கல்லை அவளுடைய அண்ணன் லுவ்சான் "ஸ்ஸ், ஆ" என்று கைமாற்றிக் கைமாற்றிப் பிடிக்கிறார். பிறகு வலிக்கிற முழங்காலில் அழுத்திக் கண்ணை மூடுகிறார். "எங்க புடிச்ச மாப்ள, இவ்வளவு வழவழப்பா?" "ஆத்துலதான் மச்சான்," என்கிறான் ஒச்சிர், அடுப்பைப் பார்த்தபடி. ஆறோ புல்வெளியையும் தாண்டி வெகு தூரத்தில் கிடக்கிறது. அவ்வளவு தூரம் போகச் சோம்பல்பட்டு, காலையில் கணவாயிலேயே பைக்கை நிறுத்திவிட்டான். வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லாய் வைத்து, மலையைக் கும்பிட்டு, மூன்று முறை சுற்றிவிட்டுப் போகிற குவியல் அங்கே இருக்கிறது. யார் யாரோ வேண்டிக்கொண்டு ஆற்றிலிருந்து சுமந்து வந்து வைத்த உருண்டைக் கற்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டான். "உனக்குக் கை சுடலையா? மரக்கட்ட மாதிரி புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க!" என்று நர்மா சிரிக்கிறாள். சுடத்தான் செய்கிறது. அவன் கீழே வைக்கவில்லை. வெளியே லுவ்சான் ஏறிவந்த குதிரையின் கடிவாளம் கிணுகிணுக்கிறது. லுவ்சான் தன் கல்லைச் சட்டைக்கையில் துடைத்து, மேலங்கியின் மார்பு மடிப்புக்குள் பத்திரப்படுத்துகிறார். "பாதி வலி போயிடுச்சு. நல்ல கல்லு மாப்ள. போற வழியில கணவாயில வெச்சு, உன் பேரச் சொல்லிக் கும்புட்டுட்டுப் போறேன்."