எங்கேயோ ஒரு மீட்டர்

“சர்க்கரை மாத்திரை போட்டு அரை மணி நேரம் ஆச்சுங்க. ஏதாவது எடுத்து வாயில போடுங்க.”

“இரு. மீட்டர் எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

முப்பத்தோரு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுத்தவர் அவர். ஓடுகிற எதுவும் ஏதாவது ஒரு மூலையில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. இந்த இடத்தில் அந்த மூலைதான் பிடிபடவில்லை.

விமான நிலையத்தில் லவுஞ்ச் என்கிற ஓய்வறை அது. முன்பெல்லாம் பெரிய டிக்கெட்காரர்கள் மட்டும் நுழைந்த இடம். இப்போது விமானக் கம்பெனியே சாதாரணப் பயணிகளுக்கும் ‘ஒரு தடவை அனுமதி’ என்று விற்கிறது. மகள், டிக்கெட்டோடு சேர்த்து அவருக்கும் மனைவிக்கும் அதையும் வாங்கி அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். வாசலில் போனை நீட்டியதும் ஒரு கருவி ‘பீப்’ என்றது. இனி மூன்று மணி நேரம் உள்ளே இருக்கலாம்.

அந்த ‘பீப்’ கேட்டதிலிருந்தே அவர் மீட்டரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மெத்தென்ற நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே நீள மேஜை. மூடி போட்ட பாத்திரங்களில் சாதம், காய்கறி, முட்டை, சூப். ஓரமாக ரொட்டியும் பழத்துண்டுகளும். பொத்தானை அழுத்தினால் காபி ஊற்றும் இயந்திரம் ஒன்று. கழுத்தை நீட்டி அதன் முதுகுப் பக்கம் பார்த்தார். கறுப்பு ஒயர் ஒன்று சுவருக்குள் போனது.

“பார்த்தியா? அந்த ஒயர் எங்க போகுது?”

“பிளக்குக்குப் போகுது. காபி சூடாக வேண்டாமா?”

“ஒவ்வொரு கப்புக்கும் ஒரு நம்பர் ஏறும். வெளியே போறப்ப மொத்தமா நீட்டுவாங்க.”

“வாசல்ல இருக்கிற பொண்ணு, சாப்பாடும் சேர்த்துதான்னு சொல்லிச்சே!”

“வாசல்ல நிக்கிறவங்க அப்படித்தான் சொல்வாங்க.”

“சுவத்துல இத்தனை பெருசா எழுதியிருக்கு, வேணுங்கிற அளவு சாப்பிடலாம்னு.”

“சாப்பிடலாம்னுதான் எழுதியிருக்கு. காசு இல்லைன்னு எழுதியிருக்கா?”

“கரண்ட் பில்லுல வர்ற நிலைக் கட்டணம்னு வெச்சுக்குங்களேன். வாசல்லயே கட்டியாச்சு.”

“நிலைக் கட்டணத்துக்கு மேல யூனிட் கணக்கு வரும். யாருக்கு யார் பாடம் எடுக்கிறது?”

மனைவி எழுந்து போய் ஒரு ரொட்டியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அவர் அதை ஒரு விரலால் மேஜையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினார். விரல் லேசாக நடுங்கியது. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

“மயங்கி விழுந்தீங்கன்னா அதுக்கும் ஒரு மீட்டர் வெச்சிருப்பாங்க, பார்த்துக்குங்க” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள்; குரல் சிரிக்கவில்லை.

சுற்றிலும் ஏழெட்டுப் பேர், பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல, பையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த நீலச் சட்டைக்காரர் வந்தார். கசங்கிய சட்டை, தோளில் பை, முன்னால் தொப்பை. அக்கம்பக்கம் பார்க்கவில்லை. மூடிகளை மளமளவென்று திறந்து தட்டில் குவித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். ஒரு தட்டு காலி. இன்னொரு தட்டு. காபி. மறுபடியும் ஒரு தட்டு.

“என்னண்ணே, சூப் எடுக்கலையா? இன்னிக்கு உப்பு ஒரு சிட்டிகை கம்மி. ஆனா மிளகு நல்லாத் தூக்கலா இருக்கு.”

“நீங்க அடிக்கடி வருவீங்களோ?”

“வாரத்துல ஆறு நாள் இங்கதாண்ணே.”

பெரிய வியாபாரி போல என்று நினைத்துக்கொண்டார். “அப்ப பில்லு?”

“என்ன பில்லு?”

சொல்லிவிட்டு நீலச் சட்டைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போனார். இரண்டு நிமிடத்தில் ஒரு செய்தித்தாளோடு திரும்பி வந்தார். வாசலில் இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கருவி மூச்சு விடவில்லை.

மீட்டர்காரர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தட்டு, ஒரு காபி, போகவர ஒரு நடை. இத்தனை ஓடியும் ஒன்றும் ஏறவில்லை என்றால் மீட்டரே இல்லை என்றுதான் அர்த்தம். யார் சொல்வதையும் நம்பாதவர்தான். கண்ணால் கண்டதை நம்பாமல் இருக்க முடியுமா?

எழுந்தார். முதலில் சூப். பிறகு சாதம், காய்கறி, இரண்டு முட்டை. அவர் எழுந்ததைப் பார்த்து மடியில் பை வைத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கை நடுக்கம் நின்றது. மனைவியை இயந்திரத்தின் முன் நிறுத்தி விளக்கம் வேறு. “கேளு, இப்ப மேல கொட்டையை அரைக்குது. இதோ, வெந்நீரை அழுத்தமா உள்ள தள்ளுது. அதனாலதான் இந்த நுரை!”

“சரி சரி, சர்க்கரைப் பொட்டலத்தைக் கீழ வைங்க.”

சர்க்கரை இல்லாமலே அந்தக் காபி இனித்தது. நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்.

விமானத்துக்குக் கிளம்பும்போது அந்த வாசல் பெண்ணிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். “ஏம்மா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. அந்த நீலச் சட்டைக்காரர் மேல ஒரு கண் வெச்சுக்கோ. நான் பார்க்கவே மூணு தட்டு. இதே மாதிரி இன்னும் ரெண்டு பேர் வந்தா உங்க கம்பெனி தாங்காது.”

அவள் சிரித்துவிட்டாள். “அவர் எங்க சமையல் மாஸ்டர் சார். இந்த ஒரு தடவை அனுமதி வந்ததுலேர்ந்து, புதுசா வர்றவங்க பயந்துக்கிட்டு எதையும் தொடாம பசியோடவே ஏறிப் போயிட்டு இருந்தாங்க. போர்டு வெச்சோம், பக்கத்துல போய்ச் சொல்லிப் பார்த்தோம், ஒருத்தரும் நம்பல. இப்ப மாஸ்டரே சட்டையை மாத்திக்கிட்டு வந்து முதல் தட்டைச் சாப்பிட்டுடறார், அப்புறம் எல்லாரும் சாப்பிடறாங்க.”