மாமனாரின் ரசனை

குணசேகரன் டி.வி.யில் போட்டிருந்தது, அவருடைய மனைவி வானதி 'தூக்க மாத்திரை' என்று பெயர் வைத்திருந்த வகைப் படம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு கிராமத்து ரோட்டில், பேரும் போய்ப் பெண்டாட்டியும் போன வயலின்காரர் ஒருவர், கொட்டும் மழையில் நனைந்தபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

வலங்கைமானிலிருந்து தஞ்சாவூருக்கு மகளைப் பார்க்க வந்திருந்த வைரக்கண்ணு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, இந்த எடத்த மறுபடி போடுங்க."

இது மூன்றாவது தடவை. குணசேகரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் அவர் போடும் படத்தை எழுத்து ஓடும்வரைகூட யாரும் பார்த்ததில்லை.

"பாத்தியா வானதி? ரசனைன்னா இது! பாஷை தெரியாமலே அந்த மனுஷனோட துக்கம் மாமாவுக்குப் புரியுது."

"அப்பாவுக்கா?" அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் வானதி. "நாயனக் கச்சேரியிலயே குறட்டை விடுவாரே!"

"நீ சும்மா இரு. மாமா, வாசிப்பு எப்படி?"

"அது கெடக்கட்டும் மாப்ள." வைரக்கண்ணு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மழையப் பாருங்க, என்னமா கொட்டுது! பின்னாடி வயல் முங்கத் தண்ணி நிக்குது. அங்க நம்ம குறுவை வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. ஆத்துல தொறந்த தண்ணி இன்னும் நம்ம வாய்க்கா பக்கம் எட்டிப் பாக்கல."

குணசேகரன் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை போடுங்க மாப்ள," என்றார் மாமனார். "அந்த ஆள மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்ல முடியுமா? வயல மறைக்கிறாரு."