ரீஃப்ரெஷை அழுத்திய விரல்

ஜன்னல் வெயில் லேப்டாப் திரையில் பாதியைத் தின்றுகொண்டிருக்கிறது. மாலை அக்காவின் தையல்கடை திறப்பு. அதற்குள் கடையின் வெப்சைட் முடிந்தாக வேண்டும். தங்கை காலையில்தான் ஒரு வீடியோவில் அந்த வித்தையைக் கண்டுபிடித்தாள்: பிரவுசரிலேயே பக்கத்தைப் பிரித்து, நிறத்தையும் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். சோறு தண்ணி மறந்து அப்படியே முழுப் பக்கத்தையும் இழைத்திருக்கிறாள். குண்டூசியைப் பல்லில் கவ்வியபடி எட்டிப் பார்க்கிற அக்கா, "அடியே, நிஜக் கடையைவிட அழகா இருக்கே!" என்கிறாள். பெருமை தலைக்கேற, தங்கை ரீஃப்ரெஷை அழுத்துகிறாள். பழைய கோணல் பக்கம் பல்லிளிக்கிறது. மாற்றியதெல்லாம் திரையோடு சரி. ஃபைலில் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குடி தொட்ட?" என்கிறாள் அக்கா. வாசலில் ஏணிமேல் நிற்கும் பெயிண்டர் குரல் கொடுக்கிறார்: "போர்டுல வெப்சைட் பேரையும் எழுதிடட்டுமாம்மா?" அக்கா தங்கையைப் பார்க்கிறாள். தங்கை திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கத்துகிறாள்: "இடம் மட்டும் விட்டு வைங்கண்ணே!"