ஏழு வாளித் தண்ணீர்

"இன்னொரு வாளி ஊத்து! பாஷாணம்னா வெளையாட்டா?"

தம்புசாமி கங்காணி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டார். உள்ளே அவர் பெண்டாட்டி குஞ்சம்மா மண்டியிட்டு, சிமெண்டுத் தரையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இது ஐந்தாவது வாளி. விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. இடது கையில் ஒரு வளையல்கூட இல்லை. வளையல் உடைந்த கீறல்தான் இருந்தது.

கதவோரம் நின்ற இருளாண்டியால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் கறையானுக்கு மருந்து போட்டவன் அவன்தான். நேற்றுக் காலை சுவரோரம் முழுக்க வெள்ளைப் பொடியைத் தூவிவிட்டு, "ஒரு ராத்திரி உள்ள யாரும் இருக்கக் கூடாது. அப்புறம் ஏழு தரம் கழுவணும்" என்று, தோட்டத்து ஆபீசில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போயிருந்தான்.

டின்னின் மேல் மண்டை ஓட்டுப் படம் ஒட்டியிருந்தது. படம் ஒட்டியிருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று எவனும் கேட்பதில்லை. உள்ளே இருந்தது மரவள்ளி மாவு. தோட்டம் கொடுத்த பாஷாணத்தை டுரியான் துங்கால் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லையில் கிடந்த ஒருவனிடம் தள்ளிவிட்டு, இருளாண்டி இரண்டு நாள் கள் குடித்தாகிவிட்டது.

சொல்லிவிடலாம். சொன்னால் கங்காணி இன்றைக்கே லயத்து வீட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ரோட்டில் நிறுத்திவிடுவார்.

"போதும் கங்காணி ஐயா, அஞ்சு தரமே தாராளம்" என்றான்.

"நீ சும்மா இருலா. நேத்து எல்லாரும் புக்கிட் காத்தில் ஊர்ல இருக்கிற தம்பி வீட்டுக்குப் போறோம், வாடின்னா வரமாட்டேன்னுட்டா. பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டைய மாட்டி என்கிட்ட குடுத்துட்டு, இவ மட்டும் பின்னால அடுப்பங்கரையில படுத்துக்கிட்டா. திமிரு! இப்ப நல்லாத் தேய்க்கட்டும்."

"பயமா இல்லையா தங்கச்சி?" என்று இருளாண்டி கேட்டான். குஞ்சம்மா குனிந்தபடியே அடுத்த மூலையைத் தேய்த்தாள்.

கங்காணி சிரித்தார். "அவளுக்கா பயம்? அவ வைக்கிற கொழம்புக்கு அந்தப் பாஷாணமே தேவலாம்!"

பால் ஸ்டோரில் மணி அடித்தது. ரப்பர் பால் நிறுக்கும் நேரம். கங்காணி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஏழு வாளி. நீ நின்னு எண்ணு இருளாண்டி."

குடை ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. குஞ்சம்மா ஆறாவது வாளியைத் தூக்கினாள். ரத்தம் பட்ட கைப்பிடி வழுக்கியது.

இருளாண்டி ஓடிப்போய் வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

"வேணாம் தங்கச்சி. நீ கழுவுறது பாஷாணமே இல்ல. பாவி நான் அத வித்துக் குடிச்சுட்டேன். வெறும் மரவள்ளி மாவைத்தான் தூவினேன். கங்காணிகிட்ட சொல்றதுன்னா சொல்லிக்க, உன் கைய என்னால பாக்க முடியல."

அவள் கோபப்படவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்ண்ணே. நேத்து ரெண்டு கை அள்ளித் தின்னுட்டுத்தான் படுத்தேன்."